ரப்பர் தோட்டத்தை விற்காதீர்கள்

கேள்வி: என் மகள் ப்ளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தாள். நீட்டில் தகுதி பெறவில்லை. மார்த்தாண்டத்தில் ஒரு ஏஜென்ட், "நீட் இல்லாமலே வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடுகிறேன், நீட்டை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்" என்கிறார். ரப்பர் தோட்டத்தை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். நம்பலாமா?
- ஒரு தந்தை, அருமனை

பதில்: விற்காதீர்கள் ஐயா. முன்பணம் கொடுத்திருந்தால் நாளைக் காலையிலேயே போய்த் திருப்பிக் கேளுங்கள்.

அவர் சொல்வதில் பாதி உண்மை இருப்பதால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. நீட் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் வெளிநாட்டில் உண்டு. சிக்கல் ஊர் திரும்பும்போதுதான். 2018 மே மாதத்திலிருந்து, வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேருகிற இந்திய மாணவர் சேரும்போதே நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். அந்தத் தகுதி மூன்று வருடம் செல்லும். அது இல்லாமல் படித்து வந்தால், இங்கே டாக்டராகப் பதிவு செய்வதற்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வை எழுதவே விடமாட்டார்கள். ஆறு வருடம் படித்து வந்த பெண் ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் பயிற்சி மருத்துவராகக்கூட நிற்க முடியாது.

நீட் இருந்தாலும் நிபந்தனைகள் தீரவில்லை. 2021 விதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கிலவழியில் இருக்க வேண்டும். அங்கே 12 மாதம், இங்கே வந்து 12 மாதம் பயிற்சி. எஃப்.எம்.ஜி.இ.யில் 300க்கு 150 எடுத்தாக வேண்டும். இதையெல்லாம் அந்த ஏஜென்ட் சொன்னாரா? எழுத்தில் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

உள்ளூரிலும் விலக்கு கிடையாது. தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் நீட் வேண்டும். கோட்டாறு ஆயுர்வேதக் கல்லூரி, முஞ்சிறை சித்தா கல்லூரி, இரண்டுக்கும் வேண்டும்.

நீட் நியாயமா என்றால், இல்லை என்றே சொல்வேன். 2007 முதல் பத்து வருடம் தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்த்தார்கள். அப்படி வந்தவர்கள்தான் இன்று நம் ஆஸ்பத்திரிகளில் வைத்தியம் பார்க்கிறார்கள். அதற்காக நாம் எல்லோரும் சேர்ந்து குரல் கொடுப்போம். அந்தச் சண்டைக்கு உங்கள் மகளின் ஆறு வருடத்தைப் பணயம் வைக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது வேறொன்று. மகள் இன்னொரு முறை எழுத நினைக்கிறாளா என்று ஒரு வரிகூட இல்லை. அரசுக் கல்லூரியில் இடம் பிடிக்கிற மதிப்பெண் வேறு, தகுதி மதிப்பெண் வேறு. 2023-இல் 720க்குப் பொதுப்பிரிவுக்கு 137, இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 107 போதுமாக இருந்தது. வருடத்துக்கு வருடம் மாறும், ஆனாலும் ஒரு வருடம் உட்கார்ந்து படித்தால் எட்டக்கூடிய தூரம்தான்.

அவளுக்கு அதில் மனமில்லை என்றால், பி.எஸ்சி. நர்சிங்குக்கும் பல துணை மருத்துவப் படிப்புகளுக்கும் ப்ளஸ் டூ மதிப்பெண் போதும். கால்நடை மருத்துவத்திலும் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் அதை வைத்துத்தான். பக்கத்திலேயே திருநெல்வேலி ராமையன்பட்டியில் கல்லூரி இருக்கிறது.

ஏஜென்டைப் பார்க்கப் போகுமுன் மகளிடம் பேசுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.