வெங்காயத் தோலும் காலைத் தும்மலும்

கேள்வி: காலையில் எழுந்தவுடன் வரிசையாக இருபது தும்மல். டாக்டர் தினம் ஒரு அலர்ஜி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். வெங்காயத்தில் இருக்கும் குவர்செட்டின் அலர்ஜியை நிறுத்திவிடும் என்கிறார் என் மருமகன். வெங்காயத் தோலைக் கொதிக்க வைத்துக் குடித்தால் மாத்திரையை விட்டுவிடலாமா?
- திண்டுக்கல் வாசகி

பதில்: மாத்திரையை விடாதீர்கள், அம்மா. ஆனால் மருமகன் சொன்னது வெறும் கதையும் இல்லை. குவர்செட்டின் என்பது வெங்காயத்தில் இருக்கும் மஞ்சள் நிறப் பொருள்.

கல்லூரி லேபில் பல வருடம் நான் செய்துகாட்டிய சோதனை இது. சோயாவிலிருந்து எடுத்த லிப்பாக்சிஜினேஸ் என்ற நொதியை லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தில் விட்டால், ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவியில் 234 நானோமீட்டரில் கோடு சரசரவென்று ஏறும், நொதி வேலை செய்கிறது என்று அர்த்தம். குவர்செட்டின் கொஞ்சம் சேர்த்தால் கோடு படுத்துவிடும். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். இதன் உறவுக்கார நொதி ஒன்று நம் உடம்பில் லுக்கோட்ரையீன்கள் என்ற அலர்ஜிப் பொருள்களை உண்டாக்கி, மூக்கை வீங்க வைத்து மூச்சுக்குழலைச் சுருக்குகிறது. மாஸ்ட் செல்கள் என்ற அலர்ஜி செல்கள், தும்மலைத் தூண்டும் ஹிஸ்டமினைக் கொட்டுவதையும் குவர்செட்டின் குறைக்கும். எல்லாம் கண்ணாடிக் குழாயில்.

சிக்கல் வயிற்றில்தான். குழாயில் நாம் போடும் அளவு பல மைக்ரோமோலார் (கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு). ஒரு தட்டு வெங்காயம் சாப்பிட்டாலும் ரத்தத்தில் பெரும்பாலும் ஒரு மைக்ரோமோலாரைத் தொடாது. அதிலும் குடலும் ஈரலும் சேர்ந்து அதற்கு வேறு வேஷம் கட்டித்தான் ரத்தத்துக்குள் அனுப்புகின்றன.

செடியிலிருந்து அலர்ஜி மருந்து வந்த கதை ஒன்று உண்டு. எகிப்தின் கெல்லா செடி விதையில் கெல்லின் என்ற பொருள் இருக்கிறது. குவர்செட்டினுக்குள் இருக்கும் குரோமோன் வளையம் என்ற மூலக்கூறு அமைப்பு இதிலும் உண்டு, தூரத்து உறவு. அதைத் தொட்டு இங்கிலாந்தில் செய்த சேர்மங்களை ரோஜர் அல்டூன்யான் என்ற மருத்துவர் தன் மேலேயே சோதித்தார். அவரே ஆஸ்துமாக்காரர், கினிப்பன்றி முடி, செதிலின் சாற்றை மூச்சில் இழுத்து, வேண்டுமென்றே இழுப்பை வரவழைத்துக்கொள்வாராம்! 1965இல் குரோமோகிளைக்கேட் என்ற ஆஸ்துமா, அலர்ஜி மருந்து கிடைத்தது. அதையும் விழுங்கினால் ரத்தத்தில் சேருவது அற்பம்தான். அதனால் பொடியாக மூச்சில் இழுக்க ஒரு கருவி செய்தார். முன்னாள் விமானி அல்லவா, உள்ளே குட்டி விசிறி ஒன்று சுழலும்.

சரி, தோல் கஷாயம்? மண்ணும் பூச்சிமருந்தும் சேர்ந்து இறங்கும், வேண்டாம். படிகாரம் போட்டுத் துணிக்குச் சாயம் ஏற்றலாம், நல்ல மஞ்சள் வரும். குவர்செட்டின் மாத்திரை வாங்க நினைத்தால், மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். சாம்பாருக்கு உரிக்கும்போது மட்டும், காய்ந்த தோலுக்கு அடுத்த அடுக்கையும் சேர்த்து உரித்து எறியாதீர்கள். குவர்செட்டின் அங்கேதான் அதிகம்.