துடிப்பு ஒளியா, தொடர் ஒளியா? பி.டி.டி. பற்றி வடசென்னையிலிருந்து வந்த கேள்விகள்

புற்றுநோய்க்குத் தரும் ஒளி சிகிச்சையான போட்டோடைனமிக் தெரபி, சுருக்கமாக பி.டி.டி., பற்றி நம் பகுதி மக்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன். அதற்கான ஒளியை விடாமல் சீராக விட்டால் தொடர் ஒளி, விட்டுவிட்டு மிகக் குறுகிய வீச்சுகளாக விட்டால் துடிப்பு ஒளி, அதாவது பல்ஸ். மருத்துவ இயற்பியல் என் துறை.

கொருக்குப்பேட்டை, கல்லூரி மாணவி: மேடம், லைட்டோட சூட்டுலதான் கேன்சர் செல் சாகுதா?

இல்லம்மா. இதில் சூட்டுக்கு வேலையே இல்லை. திசுவில் சேர்ந்திருக்கும் மருந்து ஒளியை வாங்கி, அந்த ஆற்றலைப் பக்கத்திலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. அப்படிக் கிளர்ந்த ஆக்சிஜன் சில மைக்ரோவிநாடிகூடத் தாங்காது. அதற்குள் தொட்டதைச் சிதைத்துவிடும். மருந்து, ஒளி, ஆக்சிஜன் மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் எதுவும் நடக்காது. மற்ற எல்லாப் பதில்களுக்கும் இதுதான் அடிப்படை.

வியாசர்பாடி, எலெக்ட்ரீஷியன்: பல்ஸ் லேசர்ல மெகாவாட் கணக்குல பவர் வருதுன்னு சொல்றாங்க மேடம். அப்ப அதுதானே ஸ்ட்ராங்கு?

கணக்குப் போட்டே பார்ப்போம் தம்பி. சதுர சென்டிமீட்டருக்குச் சராசரி 100 மில்லிவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடர் லேசர் அதைச் சீராக விடும். விநாடிக்கு 10 துடிப்பு விடும் லேசரில் ஒவ்வொரு துடிப்புக்கும் 10 மில்லிஜூல் கிடைக்கும். துடிப்பின் நீளம் 10 நானோவிநாடி என்றால் உச்சத் திறன் 10 லட்சம் வாட்! கேட்க மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒளியை வாங்கிய மருந்து மூலக்கூறு, அந்த ஆற்றலை ஆக்சிஜனிடம் இறக்கிவைக்க மைக்ரோவிநாடிகள் ஆகும். ஒரு மைக்ரோவிநாடி என்பது ஆயிரம் நானோவிநாடி. 10 நானோவிநாடிக்குள் அதனால் இரண்டாவது முறை பயனுள்ளபடி வாங்க முடியாது. தெருவுக்கு வரும் தண்ணீர் லாரி மொத்தத்தையும் ஒரே நொடியில் கொட்டினாலும் குடம் கொள்வது ஒரு குடம்தானே? மீதி வீண்.

அதே சராசரியை விநாடிக்கு 10,000 துடிப்பாகப் பிரித்தால் உச்சம் 1,000 வாட்டாக இறங்கிவிடும். அப்போது மருந்துக்குத் துடிப்பு ஒளிக்கும் தொடர் ஒளிக்கும் வித்தியாசமே தெரியாது. ஆகவே 'பல்ஸ் லேசர்' என்று மொட்டையாகச் சொன்னால் எதையும் தீர்மானிக்க முடியாது.

எண்ணூர்: துடிப்பு ஒளி உடம்புக்குள்ள ஆழமாப் போகும்னு ஒரு வீடியோவுல பார்த்தேன்.

போகாது. ஆழத்தைத் தீர்மானிப்பது அலைநீளமும் திசுவும்தான். 630 நானோமீட்டர் சிவப்பு ஒளி எப்படி விட்டாலும் சில மில்லிமீட்டர்தான்.

ராயபுரம், செவிலியர்: ரெண்டு துடிப்புக்கு நடுவுல இருக்கிற இடைவெளியில ஆக்சிஜன் திரும்ப வந்துடாதா மேடம்?

மிக நல்ல கேள்வி. ஒளியை வேகமாகக் கொட்டினால் ஆக்சிஜன் தீர்ந்து சிகிச்சை உள்ளுக்குள்ளேயே நின்றுபோவது உண்மை. ஆனால் ரத்த நாளத்திலிருந்து ஆக்சிஜன் ஊறி வர விநாடிக் கணக்கில் ஆகும். துடிப்புகளுக்கு நடுவே இருப்பதோ மில்லிவிநாடிகள். பலன் வேண்டுமென்றால் தொடர் ஒளியையே குறைந்த திறனில் விடலாம், அல்லது விளக்கை நிஜமாகவே அணைத்து அணைத்துப் போடலாம். தோல் புற்றுநோயில் ஏ.எல்.ஏ. மருந்து பூசி முதலில் சதுர சென்டிமீட்டருக்கு 20 ஜூல், இரண்டு மணி நேரம் கழித்து 80 ஜூல் என்று பிரித்துக் கொடுத்தபோது, ஒரே தவணையில் கொடுத்ததைவிட நல்ல பலன் கிடைத்தது. என் ஆர்வமெல்லாம் நானோவிநாடிகளைவிட இந்த நீண்ட இடைவெளிகளின் மேல்தான்.

திருவொற்றியூர்: அப்ப பல்ஸ் லேசரை யாருமே பயன்படுத்தலையா?

பயன்படுத்தினார்கள். ஜப்பானில் ஆரம்பகட்ட நுரையீரல் புற்றுநோய்க்கு போட்டோஃப்ரின் மருந்தோடு எக்சைமர் டை லேசர் என்ற துடிப்பு லேசரைத்தான் வைத்தார்கள். பிறகு கைக்கு அடக்கமான டயோடு லேசரும் எல்.இ.டி.யும் வந்தன. விலையும் பராமரிப்பும் குறைந்ததால் தொடர் ஒளி பரவியது.

காசிமேடு: அப்பா ரொம்ப வருஷமா மாவா போடுறாரு மேடம். நாக்கு ஓரத்துல வெள்ளையா ஒரு திட்டு, ஒரு மாசமா போகலை. லைட் வெச்சே சரி பண்ணிடலாமா?

ஒளியைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. இந்த வாரமே கூட்டிப்போய்க் காட்டுங்கள். சின்னத் துண்டு எடுத்து பயாப்ஸி பார்த்த பிறகுதான் அது என்னவென்றே சொல்ல முடியும். மாவா, அதாவது புகையிலையும் பாக்கும் கலந்ததைப் போடும் பழக்கத்தை டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஐரோப்பாவில் 2001-இல் டெமோபோர்ஃபின் என்ற பி.டி.டி. மருந்தை அனுமதித்தார்கள். அதுவும் மற்ற சிகிச்சைகள் கைகொடுக்காத, முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு. ஊசி போட்டு நான்கு நாள் கழித்து 652 நானோமீட்டர் ஒளி, 200 விநாடி. இப்படி ஊசியாகப் போகும் மருந்துகளுக்குப் பின் வாரக்கணக்கில் வெயிலில் தலைகாட்டக் கூடாது. கடலுக்குப் போகிறவர் வீட்டில் அதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெரம்பூர், எம்.எஸ்சி. மாணவர்: ஆய்வுக் கட்டுரையில முதல்ல எதைப் பார்க்கணும் மேடம்?

சராசரித் திறன், துடிப்பின் நீளம், விநாடிக்கு எத்தனை துடிப்பு, மொத்த ஜூல், எந்த மருந்து. ஒப்பிட்ட இரண்டு பக்கமும் சராசரித் திறனும் மொத்த ஜூலும் ஒன்றாக இல்லையென்றால், அதை வைத்துத் துடிப்பு ஒளியைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.