கதிர்காமத்துக்குத் தனியே நடக்கிறேன், இரவில் எங்கே தங்குவது?

கேள்வி: எனக்கு வயது 41. செங்கலடியில் இருக்கிறேன். அம்மா சுகப்பட்டதற்காக வைத்த நேர்த்தி ஒன்று இருக்கிறது, இந்த முறை கதிர்காமத்துக்கு நடந்தே போகப்போகிறேன். குழுவோடு போனால் நாள் முழுக்கப் பேச்சும் பாட்டுமாக இருக்கும். எனக்குத் தனியே, அமைதியாக நடக்க வேண்டும். பகலில் பயமில்லை, இரவுதான் யோசனை. தினமும் அறை எடுக்கச் சம்பளம் காணாது. தனியே வரும் பெண்ணைக் கோயிலில் தங்க விடுவார்களா? அறைதான் எடுக்க வேண்டுமென்றால் எங்கே மலிவு?

பதில்: விடுவார்கள், தங்கச்சி. வெருகலில் இருந்து உகந்தை வரைக்கும் கடற்கரையோரக் கோயில்கள் பாதயாத்திரைக்காரரைத் தங்களுடைய விருந்தாளிகளாகத்தான் பார்க்கின்றன. யாழ்ப்பாணத்துச் செல்வச் சந்நிதியிலிருந்து புறப்பட்டு வருகிறவர்களுக்கு வருடா வருடம் மண்டபம் கூட்டி, கிணற்றடியைத் துப்புரவாக்கி, அன்னதானத்துக்கு அரிசி சேர்த்து வைக்கிற ஊர்கள் இவை. அதனால் இந்தப் பாதையில் இரவுத் தங்கல் காசைவிட நேரத்தைத்தான் பொறுத்திருக்கிறது. பின்னேரம் நாலு மணிக்கு முன்னர் ஊருக்குள் வந்து, கேட்க வேண்டிய ஆளிடம் கேட்டால் இடம் கிடைக்கும். இருட்டின பிறகு வந்தால் நல்ல மனசுள்ளவர்களும் தயங்குவார்கள், தனியே வரும் பெண் என்றால் இன்னும் கூடுதலாக.

கேட்க வேண்டிய ஆள் பெரும்பாலும் ஐயர் அல்ல. பூசை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய்விடுவார். மண்டபத்தின் திறப்புச் சாவியும், தங்க விடலாமா என்ற முடிவும் கோயில் நிர்வாகியான வண்ணக்கரிடமோ பரிபாலன சபைத் தலைவர், செயலாளரிடமோ இருக்கும். பல கோயில்களில் அறிவித்தல் பலகையில் சபையின் தொலைபேசி எண் எழுதியிருக்கும். "ஐயா, கதிர்காமத்துக்கு நடந்து போறன். இண்டைக்கு ராவைக்கு மட்டும் தங்க இடம் வேணும்" என்று சொல்லி, அடையாள அட்டையின் பிரதியைக் கேட்காமலே நீட்டுங்கள். எந்த ஊர், யாருடைய மகள் என்று விசாரிப்பார்கள், சில இடத்தில் குடியும் (தாய்வழி வம்சம்) கேட்பார்கள். அதைத் தொந்தரவாக எடுக்க வேண்டாம். நீங்கள் யாரென்று தெரிந்துகொண்டால் உங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். பல நேரம் "மண்டபத்தில ஏன், எங்கட வீட்டில வந்து படுங்க பிள்ளை" என்று யாராவது ஒரு அம்மா கூட்டிக்கொண்டு போவார். வீட்டில் பெண்கள் இருக்கிறார்களா என்று பார்த்து, சபை ஆளுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.

இதைவிட உதவுகிற பழக்கம் ஒன்று உண்டு. காலையில் கிளம்பும் முன்னர், "இன்றிரவு இன்ன ஊரில் தங்கப்போகிறேன், அங்கே உங்களுக்குத் தெரிந்தவர் யாரும் இருக்கிறார்களா?" என்று அந்தக் கோயில் ஆளிடமே கேளுங்கள். முடிந்தால் அவரையே போன் எடுத்துப் பேச வையுங்கள். நம் பக்கத்தில் கோயில் சபைக்காரர் ஒருவரையொருவர் தெரியாமல் இருப்பது அபூர்வம். ஓர் ஊர் அடுத்த ஊருக்குச் சொல்லிவிட்டால், நீங்கள் போய்ச் சேரும்போது உங்கள் பெயர் ஏற்கனவே அங்கே தெரிந்திருக்கும். தனியே வரும் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய காவல் இல்லை.

சரி, பாதைக்கு வருவோம். செங்கலடியிலிருந்து மட்டக்களப்பு சுமார் 15 கிலோமீற்றர்தான். முதல் நாளை அத்தோடு முடித்து, நகரத்தில் சொந்தக்காரர் வீட்டில் படுத்து, கால் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அடுத்த நாள் கல்லடிப் பாலம் கடந்து ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம் வழியாகக் களுதாவளை. இது 25 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். ஏலாவிட்டால் செட்டிபாளையத்திலேயே நின்றுவிடுங்கள். இந்தத் துண்டில் அடுத்தடுத்துத் தமிழ் ஊர்களும் கோயில்களும் இருப்பதால் இடத்துக்குப் பஞ்சமில்லை, அறைக்குக் காசு கொடுக்கவே தேவையில்லை.

களுதாவளையிலிருந்து கல்லாறு, பெரியநீலாவணை தாண்டி அம்பாறை மாவட்டத்துக்குள் வந்தால் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில், அதற்கப்பால் கல்முனை, காரைதீவுக் கண்ணகி அம்மன் கோயில். இரவைக் காரைதீவில் வையுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். ஏனென்றால் அதற்குப் பிறகு நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று பெரும்பாலும் முஸ்லிம் ஊர்கள். பகலில் அவை நடக்க மிக நல்ல ஊர்கள். யாத்திரைக்காரரைக் கண்டால் கூப்பிட்டுத் தண்ணீரும் சர்பத்தும் கொடுப்பார்கள், மருந்துக் கடையும் தேத்தண்ணிக் கடையும் நிறைய உண்டு. மரக்கறி விரதம் என்றால் இடியப்பம், சம்பல், வாழைப்பழம், பிளேன்டீ போதும், சம்பலில் மாசிக் கருவாடு போடாமல் தரச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் கோயில் மண்டபத்தில் படுக்கிற வசதி அந்த 20 கிலோமீற்றரில் குறைவு. விடிய முன்னர் காரைதீவிலிருந்து புறப்பட்டால் பின்னேரத்துக்குள் அக்கரைப்பற்றை அடைந்து, தமிழ்ப் பகுதியான ஆலையடிவேம்பிலோ கோளாவிலிலோ தங்கலாம்.

காசு கொடுத்து ஒரு நாள் அறை எடுக்கலாம் என்றால் அது இங்கேதான் பொருத்தம். கல்முனை, அக்கரைப்பற்று இரண்டுமே வியாபார நகரங்கள், சுற்றுலாக்காரரை நம்பி இருப்பவை அல்ல. அதனால் அறை வாடகை கடற்கரை விடுதிகளைப்போல ஏறாது. துணி துவைக்க, கால் கொப்புளத்துக்கு மருந்து கட்ட, கதவைப் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்க ஒரு நாள் தேவைப்படும். அந்தச் செலவைக் குற்றமாக நினைக்காதீர்கள். குடும்பமாக நடத்துகிற, வீட்டுப் பெண்கள் முன்னால் நடமாடுகிற கெஸ்ட் ஹவுஸைத் தேடுங்கள். அறையைப் பார்த்து, உட்பக்கத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்து, வாடகை ஆளுக்கா அறைக்கா, வேறு கட்டணம் சேருமா என்று கேட்ட பிறகே காசைக் கொடுங்கள். அடையாள அட்டையைப் பதிய விடலாம், அவர்களிடம் விட்டு வைக்க வேண்டாம்.

தம்பிலுவில், திருக்கோவில் வரை கவலையில்லை. திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி கோயில் யாத்திரைக்காரருக்குப் பழகிப்போன தங்குமிடம், அங்கே பல குழுக்களையும் சந்திப்பீர்கள். அதற்குப் பிறகு பொத்துவில் வரை சுமார் 30 கிலோமீற்றர், ஊர்கள் ஐதாகிவிடும். தாண்டியடி, சங்கமன்கண்டி, கோமாரிப் பக்கம் யானை நடமாட்டமும் உண்டு. இங்கே விடிய முன்னர் நடக்கிற வழக்கத்தை நிறுத்துங்கள். வெளிச்சம் வந்தபின் கிளம்பி, கோமாரியில் இரவு தங்கி, அடுத்த நாள் பொத்துவில்.

பொத்துவிலில் ஒரு விஷயம் கவனம். யாத்திரைக் காலமும் அறுகம்பையின் கடலலைச் சறுக்குக் காலமும் ஒன்றாக வருகின்றன. வெளிநாட்டுக்காரர் நிறைந்திருக்கும் அந்த நாட்களில்தான் அங்கே வாடகை உச்சத்தில் நிற்கும். இணையத்தில் தேடினால் அந்த அறைகள்தான் முதலில் வரும், அதைப் பார்த்துவிட்டு வழி முழுக்க இப்படித்தான் செலவாகும் என்று மனம் சோர வேண்டாம். பொத்துவில் நகருக்குள்ளே, இன்ஸ்பெக்டர் ஏத்தம் போன்ற தமிழ்க் குடியிருப்புகளில் கோயிலில் கேளுங்கள். மறுநாள் அறுகம்பையில் நிற்காமல் பாணமைக்கு நடந்துவிடுங்கள். பாணமையில் சிங்களவரும் தமிழரும் கலந்து வாழ்கிறார்கள், அங்குள்ள பிள்ளையார் கோயில் வளவில் யாத்திரைக்காரர் தங்குவது வழக்கம்.

பாணமையிலிருந்து உகந்தை காட்டோரப் பாதை. இங்கேயிருந்து தனியே நடக்காதீர்கள். உங்கள் மௌனத்தை நான் மதிக்கிறேன், ஆனாலும் இந்த இடத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். உகந்தைக்கு அப்பால் குமண, யால காடுகளுக்குள் யாத்திரைக்காரருக்கு விடுதி, மண்டபம் எதுவும் கிடையாது. குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று தண்ணீர் உள்ள இடங்களில் வெட்டவெளியில், நெருப்பு மூட்டி, கூட்டமாகத்தான் படுக்க வேண்டும். யானை, கரடி, சிறுத்தை எல்லாம் உள்ள காடு அது, ஆற்றில் முதலையும் உண்டு. உகந்தை முருகன் கோயில் வளவில் ஒன்றிரண்டு நாள் தங்கி, பெண்கள் கூடுதலாக உள்ள ஒரு குழுவைப் பார்த்துச் சேருங்கள். பேச விருப்பமில்லை, மௌன விரதம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். காட்டுப்பாதை குறித்த சில நாட்களுக்கு மட்டுமே திறக்கப்படும், திகதி வருடத்துக்கு வருடம் மாறும். அம்பாறை மாவட்டச் செயலகம் அறிவித்த பிறகு, உகந்தையை அடையும் நாளிலிருந்து பின்னோக்கி உங்கள் நடையைக் கணக்குப் போடுங்கள்.

உண்மையில் இதே முறையைக் கரையோரத்திலும் கையாளலாம். பெரிய குழு ஒன்று இன்றிரவு எங்கே தங்குகிறது என்று கேட்டு வையுங்கள். பகலில் அவர்களுக்கு ஒரு மணித்தியாலம் முந்தியோ பிந்தியோ தனியே நடங்கள், இரவில் அவர்களின் பெண்கள் படுக்கிற பக்கம் பாயை விரியுங்கள். தனிமையும் கிடைக்கும், பாதுகாப்பும் கிடைக்கும்.

படுக்கும் இடத்தைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். தேர்முட்டியடி, வெளிமதில் ஓரம் வேண்டாம், விளக்கு எரிகிற உள்பக்கம் பாருங்கள். கழிப்பறை எங்கே, எந்த நேரம் பூட்டுவார்கள் என்பதை வெளிச்சத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கச்சான் காற்றுக் காலம் என்பதால் பகல் வெக்கை கடுமையாக இருக்கும், இரவில் நுளம்பு விடாது. மெல்லிய பாய், ஒரு போர்வை, நுளம்பு வலை, டோர்ச், பவர் பேங்க் போதும். கோயிலில் வாடகை கேட்க மாட்டார்கள், உண்டியலில் முடிந்ததைப் போடுங்கள், இல்லாவிட்டால் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டக் கை கொடுங்கள். ஒவ்வொரு நாளும் இரவு ஒரே நேரத்துக்கு வீட்டுக்குப் பேசி, எந்த ஊர், எந்தக் கோயில் என்று சொல்லிவிடுங்கள். பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, பெண்கள் உதவிக்கு 1938.

நீங்கள் எழுதாவிட்டாலும் மனதில் இருக்கக்கூடிய ஒன்று, மாதவிலக்கு. அந்த நாட்களில் கோயில் வளவில் தங்குவது நம் ஊர் வழக்கத்தில் சங்கடம். இரண்டு மூன்று நாள் அறைக்கான காசைத் தனியே முடிந்து வையுங்கள், அல்லது கல்முனைப் பக்கம் தெரிந்தவர் வீடு ஒன்றைச் சொல்லி வையுங்கள். நாளைத் தள்ளிப்போட மாத்திரை எடுக்க நினைத்தால் கடையில் தானாக வாங்க வேண்டாம், கிளம்புவதற்குச் சில வாரம் முன்னரே வைத்தியரைப் பாருங்கள். வெயிலில் நீண்ட தூரம் நடக்கப்போவதையும் அவரிடம் சொல்லுங்கள்.

கதிர்காமத்தில் திருவிழாக் காலத்தில் அறைக்கு இரட்டிப்பாகக் கேட்பார்கள். அங்கே தங்கும் திட்டத்தோடு போகாதீர்கள். மாணிக்க கங்கையில் குளித்து, கும்பிட்டு, அன்றைக்கே பஸ் ஏறுங்கள். மட்டக்களப்புக்கு நேரே பஸ் இல்லாவிட்டால் மொனராகலைக்குப் போய் அங்கிருந்து மாறி ஏறலாம். வந்து சேர்ந்ததும் அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.