மரபணு இருக்கிறது, நச்சு இல்லை: எந்த அறிக்கையை நம்புவது?

கேள்வி: எங்கள் குடிநீர்த் தேக்கத்தில் பச்சைப் படலம் படர்ந்திருக்கிறது. ஒரே நாளில் எடுத்த தண்ணீரில், டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனை எம்சிஒய்-இ என்ற நச்சு மரபணு உண்டு என்கிறது. நச்சையே நேரடியாக அளக்கும் எலைசா சோதனையோ மைக்ரோசிஸ்டின் என்ற பாசி நச்சு லிட்டருக்கு 0.3 மைக்ரோகிராமுக்குக் கீழ் என்கிறது. எது சரி? மயில்துத்தம் போட்டுப் பாசியைக் கொல்லலாமா?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். பிசிஆர் காட்டுவது நச்சு செய்யும் திறனை. எலைசா காட்டுவது செய்து முடித்த நச்சை. இன்று தண்ணீர் விடலாமா என்பதற்கு எலைசாவைப் பாருங்கள். அடுத்த வாரம் என்ன ஆகலாம் என்பதற்கு பிசிஆர் வேண்டும்.

மைக்ரோசிஸ்டின் ஏழு அமினோ அமிலங்கள் கோத்த வளையம். வழக்கமான புரதம்போல இது செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமில் உருவாவதில்லை. எம்சிஒய்-ஏ முதல் எம்சிஒய்-ஜே வரை பத்து மரபணுக்கள், ஏறக்குறைய 55,000 கார இணை (டிஎன்ஏ ஏணியின் படிகள்) நீளத்தில், ஒரே கூட்டமாக இருக்கின்றன. அவை தரும் பெரிய நொதிகள்தான் கண்ணி கண்ணியாக வளையத்தைக் கட்டுகின்றன. இந்த வரிசையில் முக்கியமான ஒன்று பழுதானாலும் வேலை நின்றுவிடும். ஆல்ப்ஸ் ஏரிகளில் வாழும் பிளாங்க்டோத்ரிக்ஸ் பாசியில் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள்: இடம்மாறும் டிஎன்ஏ துண்டு ஒன்று நடுவே புகுந்து, மரபணு இருந்தும் நச்சு இல்லாத வகைகள் அங்கே உண்டு. மேலும், ஒரே தேக்கத்தில் நச்சு செய்யும் மைக்ரோசிஸ்டிஸ் பாசியும் செய்யாததும் கலந்தே வளரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆகவே வெறும் 'உண்டு' போதாது, நகல்களை எண்ணிச் சொல்லும் அளவறி பிசிஆர் கேளுங்கள். எம்சிஒய்-இ நகல்களை மைக்ரோசிஸ்டிஸின் 16எஸ் (நச்சு செய்தாலும் செய்யாவிட்டாலும் அதில் இருக்கும் அடையாள மரபணு) நகல்களோடு ஒப்பிட்டால் நச்சு வகையின் பங்கு தெரியும். ஒரு மரபணுத்தொகுதியில் 16எஸ் இரண்டு நகல், எம்சிஒய்-இ ஒன்றே; 16எஸ் எண்ணிக்கையைப் பாதியாக்காவிட்டால் பங்கு பாதியாகக் குறைந்து தெரியும். பச்சைத் தண்ணீரில் பிசிஆரைத் தடுக்கும் பொருள்கள் அதிகம். டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டச் சொல்லுங்கள்: சுழற்சி எண் (குறி தெரிய எத்தனை சுற்றுப் பெருக்கம் தேவைப்பட்டது என்பது) ஏறத்தாழ 3.3 கூட வேண்டும். அதைவிடக் குறைவாகக் கூடினால் தடுப்பு இருக்கிறது, எண்ணிக்கையை நம்பக்கூடாது.

எலைசாவில் எனக்குள்ள பெரிய சந்தேகம் வேறு. வளரும் பாசியில் நச்சின் பெரும்பகுதி செல்லுக்குள்ளேயே இருக்கும். மாதிரியை மூன்று முறை உறையவைத்து உருக்கிச் செல்களை உடைத்தார்களா என்று ஆய்வகத்தைக் கேளுங்கள். உடைக்காமலோ, வடிகட்டிய பிறகோ அளந்திருந்தால் உங்கள் 0.3 வெளியே கரைந்த நச்சு மட்டுமே. மாதிரியைப் பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் எடுங்கள். சில பிளாஸ்டிக்குகளில் நச்சு ஒட்டிக்கொள்ளும். குளோரின் கலந்த தண்ணீரானால் எடுத்த உடனே சோடியம் தயோசல்பேட் சேர்க்க வேண்டும், இல்லையேல் வழியிலேயே நச்சு சிதையும். மேற்படலத்திலும் உறிஞ்சுகுழாய் ஆழத்திலும் தனித்தனி மாதிரி தேவை. காற்று திரும்பினால் சில மணி நேரத்தில் படலம் கரை மாறிவிடும்.

மயில்துத்தம் இப்போது வேண்டாம், தயவுசெய்து. செல்கள் உடைந்து உள்ளிருந்த நச்சு மொத்தமும் தண்ணீரில் கரையும். கரைந்ததை மணல் வடிகட்டி பிடிக்காது. முதலில் முழுச் செல்களாகப் படியவைத்து வடிகட்டி அகற்றுங்கள், அதற்குமுன் குளோரின் சேர்க்காதீர்கள். எஞ்சியதற்குத் தூளாக்கிய கிளர்வூட்டிய கரி (சாதாரண அடுப்புக்கரி அல்ல). கடைசியில் குளோரின்: பிஎச் 8க்குக் கீழ், 30 நிமிடத் தொடர்புக்குப் பிறகும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்ச வேண்டும். பாசி மண்டிய நீரின் பிஎச் 9ஐத் தாண்டுவது சாதாரணம். சரிசெய்யாமல் போட்ட குளோரின் பெரும்பாலும் வீண்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு, நெடுநாள் குடிநீருக்கு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். அமெரிக்காவின் டொலிடோ நகரில் 2014 ஆகஸ்டில் சுத்திகரித்த நீரிலேயே அந்த அளவு தாண்டியதால், ஈரி ஏரியை நம்பியிருந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் குழாய் நீரைக் குடிக்கக்கூடாது என்று சொல்லப்பட்டது. கொதிக்கவைக்கவும் கூடாது என்றார்கள்: மைக்ரோசிஸ்டின் கொதியில் அழியாது, நீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். உங்கள் மக்களுக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

படலம் இருக்கும்வரை வாரம் இருமுறை எலைசா செய்யுங்கள். ஒருமுறையாவது எஸ்எக்ஸ்டி-ஏ மரபணுவையும் பாருங்கள். அது சாக்ஸிடாக்ஸின் என்ற நரம்பு நச்சுக்கானது, மைக்ரோசிஸ்டின் எலைசாவில் அது தெரியவே தெரியாது.