ஷெஃபீல்டு வரும் கோத்தகிரித் தங்கைக்கு

கோத்தகிரியிலிருந்து எம்.எஸ்சி. படிக்க செப்டம்பரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகருக்கு வரவிருக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: வகுப்பில் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் இருப்பார்களா? உள்ளூர்க்காரர்களோடு பழக முடியுமா? குடிக்காதவர்களை ஒதுக்கிவிடுவார்களா?

பல நாட்டவர் இருப்பார்கள் தங்கச்சி. ஆனால் ஓராண்டு முதுநிலைப் படிப்புகளில், முக்கியமாக மேலாண்மையிலும் கணினியிலும், இந்திய, சீன, நைஜீரிய மாணவர்களே அதிகம். உள்ளூர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் இளநிலையில்தான் இருக்கிறார்கள். வகுப்பை மட்டும் நம்பினால் நம் ஊர்க்காரர்களின் வாட்ஸாப் குழுவுக்குள்ளேயே வருடம் ஓடிவிடும். அந்தக் குழுவும் வேண்டும். காய்ச்சலில் படுத்தால் கஞ்சியோடு வருவது அவர்கள்தான். அதைத் தாண்டிப் பழகக் கிடைக்கும் இடங்கள் சமையலறையும் மாணவர் சங்கங்களும்.

விடுதியில் பொதுவாக ஐந்து முதல் எட்டுப் பேருக்கு ஒரே சமையலறை. ஃபிரிட்ஜில் ஆளுக்கு ஒரு அடுக்கு கிடைக்கும். தாளிக்கும்போது கதவைத் திறந்து வைக்காதீர்கள். புகை வெளி நடையில் இருக்கும் அலாரத்தைத் தொட்டால் கட்டடம் முழுக்கக் குளிரில் இறங்கி நிற்கும். கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, எண்ணெய் புகைவதற்கு முன்பே கடுகைப் போட்டுவிடுங்கள். சைவமென்றால் தவாவும் கரண்டியும் தனி என்பதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் கழித்துச் சொன்னால் குறை சொல்வதாகத் தோன்றும். மசாலா வாசனைக்காகச் சண்டை வருவது குறைவு, கழுவாத பாத்திரத்துக்காக வருவதுதான் அதிகம். வர்க்கியும் நீலகிரித் தேயிலையும் கொண்டுவாருங்கள், மேசையில் வைத்தாலே பேச்சு தொடங்கும். நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். இந்தியாவிலிருந்து பால் பொருள் கொண்டுவர இங்கே அனுமதியில்லை.

சங்கங்களுக்கு வருகிறேன். இவை ஒரே ஆர்வமுள்ள மாணவர்கள் தாங்களே நடத்தும் குழுக்கள். படிப்பு தொடங்கும்போது வரும் வரவேற்பு வாரத்தில் ஒவ்வொரு சங்கமும் மேசை போட்டு ஆள் சேர்க்கும். அங்கேயே எல்லாவற்றுக்கும் பணம் கட்டிவிடாதீர்கள். முதல் சில வாரங்களில் பல சங்கங்கள் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ ஒரு நாள் வந்து பார்க்க விடும். பார்த்துவிட்டு இரண்டில் சேருங்கள், வாரந்தோறும் தவறாமல் கூடுகிறவையாக இருக்கட்டும். ஒரே முகங்களை வாராவாரம் பார்த்தால்தான் நட்பு பிடிக்கும். பெரிய பார்ட்டியில் சந்தித்தவரின் பெயர் மறுநாளே மறந்துபோகும்.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது மலைநடைச் சங்கம். ஷெஃபீல்டே ஏற்ற இறக்கமான ஊர், அதன் எல்லையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பீக் டிஸ்டிரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகள் நிறைய வரும் சங்கம் இது; நாலைந்து மணி நேரம் கூடவே நடப்பதால் கூச்சமும் தானாகப் போய்விடும். கோத்தகிரிக் கால்களுக்கு ஏற்றம் புதிதில்லை, சேறுதான் வழுக்கும். நீர் புகாத பூட்ஸ் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவதாகத் தமிழ்ச் சங்கம் இருந்தால் சேருங்கள். பிரிட்டனில் இந்தச் சங்கங்களில் இங்கேயே பிறந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் நிறைய. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்து, டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய மலையகத் தமிழ்க் குடும்பங்களின் பேச்சு உங்கள் காதுக்குப் பழக்கமாக இருக்கலாம்; யாழ்ப்பாணத் தமிழ் அதிலிருந்தும் வேறு, கொஞ்ச நாளில் பிடிபடும்.

குடிப்பதில்லை என்று ஒருமுறை சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பப்பில் ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த சுற்று அடுத்தவர் முறை. அதில் சேர்ந்தால் ஒரு கோலாவுக்காக நீங்கள் ஐந்து பேரின் பீருக்குப் பணம் கொடுக்க நேரும். ஆரம்பத்திலேயே "எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள்.

படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அந்த ஷிஃப்ட் சங்கம் கூடும் மாலையில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊட்டி உறைபனி பார்த்தவருக்குக் குளிர் பெரிதல்ல, இருட்டுதான் வாட்டும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், கிறிஸ்துமஸுக்கு உள்ளூர்ப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் விடுதியும் காலியாகும். யார் யார் தங்குகிறார்கள் என்று டிசம்பர் முதல் வாரமே கேட்டு, சேர்ந்து சமைக்கப் பேசி வையுங்கள். 25ஆம் தேதி ரயில் ஓடாது, பெரிய கடைகள் எல்லாம் மூடியிருக்கும். காய்கறியை 24ஆம் தேதி மதியத்துக்குள் வாங்கிவிடுங்கள்.