மாதம் தவறாமல் சளி பிடிக்கும் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு என்ன செய்வது?

ஒன்றரை வயது மகனுக்கு மாதம் தவறாமல் சளியும் இருமலும் வருகிறது, எதிர்ப்பு சக்திக்கு எந்த டானிக் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். துணை சுகாதார நிலையத்தில் பல ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தவள் நான். சளியைத் தடுக்கும் டானிக் என்று ஒன்று கிடையாது. அந்தக் காசுக்கு முட்டையும் பழமும் வாங்கிக் கொடுங்கள்.

இந்த வயதில் ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்புதான். பள்ளிக்குப் போகும் அக்காளோ அண்ணனோ வீட்டில் இருந்தால் இன்னும் கூடும். ஒவ்வொரு முறையும் அடங்கப் பத்து நாளுக்கு மேல் ஆகலாம் என்பதால், மழைக்காலம் முழுக்க மூக்கு ஒழுகிக்கொண்டே இருப்பதுபோல் தோன்றும். "தலைக்கு ஊற்றினாயா, தயிர் கொடுத்தாயா" என்று வீட்டில் உங்களைக் குடைந்தால் மனம் நோகாதீர்கள். சளியைக் கொண்டுவருவது வைரஸ், தயிர்சாதம் அல்ல.

முதலில் வீட்டுக் காற்றைப் பாருங்கள். வீடு வீடாகப் போனபோது நான் அடிக்கடி கண்டது இதுதான்: குழந்தையைக் குளிப்பாட்டியதும் கதவைச் சாத்திவிட்டுச் சாம்பிராணிப் புகை காட்டுவார்கள், இரவில் அதே அறையில், கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்திச் சுருள் புகையும். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் நுண்துகள்கள் 75 சிகரெட்டுகளுக்குக் குறையாது என்று ஆய்வில் அளந்து சொல்லியிருக்கிறார்கள். அந்தப் புகை பிஞ்சு மூச்சுக்குழாயை அரித்துப் புண்ணாக்கினால் கிருமிக்கு வழி எளிதாகிவிடும். சுருளுக்குப் பதில் கொசுவலை கட்டுங்கள். ஈரத் தலைக்குப் பருத்தித் துண்டு போதும். சிகரெட் பிடிப்பவர் யாராக இருந்தாலும், மாமனாராகவே இருந்தாலும், வீட்டுக்குள் பிடிக்கக் கூடாது என்று உங்கள் கணவரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

மூக்கில் எண்ணெய் விடுவதை அடியோடு நிறுத்துங்கள். அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவாக மாறும். வாயால் ஊதிச் சளி எடுப்பதும் பெரியவர் வாய்க் கிருமியைக் குழந்தைக்குக் கொடுப்பதுதான். மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தே மூக்கடைப்புக்குப் போதும். வெளியிலிருந்து வருபவர் யாரானாலும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். தாய்ப்பாலை 2 வயது வரை தொடருங்கள்.

தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். 6வது வாரம், 14வது வாரம், 9வது மாதம் ஆகிய மூன்று தவணைகளிலும் நிமோனியாவுக்கான பி.சி.வி. தடுப்பூசி போடப்பட்டிருக்கிறதா? 9வது மாதத் தவணை பலருக்கு விட்டுப்போகிறது. தட்டம்மை தடுப்பூசியின் இரண்டாம் தவணையை 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டும், அதாவது உங்கள் மகனுக்கு இப்போது. இவையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் வைட்டமின் ஏ திரவமும் அரசு நிலையங்களில் இலவசம். ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ ஊசி பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

இருமல் சிரப்பைக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம். குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2023இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அறிவித்துவிட்டது. போன முறை மிஞ்சிய ஆன்டிபயாடிக்கையும் தொடாதீர்கள்.

சளி பிடித்த நாட்களில் குழந்தை தூங்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். 1 வயதுக்கு மேல் 40 அல்லது அதற்கு மேல் போனாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

எடை ஏறாமல் நிற்கிறது, ஓர் ஆண்டுக்குள் இரண்டு முறை நிமோனியா வந்தது, இரவில் மட்டும் விசிலடிப்பதுபோல் இருமுகிறான் என்றால் அது வெறும் சளி அல்ல, பரிசோதனை தேவை. வீட்டில் பெரியவர் யாராவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமிக்கொண்டிருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவருக்குச் சளிப் பரிசோதனையை உடனே செய்துவிடுங்கள். காசநோய் பெரும்பாலும் வீட்டுப் பெரியவரிடமிருந்துதான் குழந்தைக்கு வருகிறது.