ப்ராகில் பார்த்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், தம்பி

புடாபெஸ்ட் வந்து இரண்டு மாதம் என்கிறீர்கள். அலுவலகத்தில் யாரோ வாங்கி வைத்த குழல் ரொட்டியைப் பார்த்து, "இது ப்ராகில் விற்கிற த்ரதெல்னிக்தானே?" என்று கேட்டதும் நான்கு பேர் ஒன்றாகப் பாய்ந்துவிட்டார்களாம். செக் தலைநகர் ப்ராகில் இதே போன்ற பண்டத்தை அந்தப் பெயரில் விற்கிறார்கள்; இவர்களுக்கோ இது ஹங்கேரியின் சொந்தப் பண்டம். நிஜமாகவே கோபமா என்கிறீர்கள். இல்லை, செல்லச் சண்டை. உங்களை வேற்றாளாக நினைத்திருந்தால் பேசாமல் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

அதன் பெயர் க்யூர்த்தோஷ்கலாச். க்யூர்த்தோ என்றால் புகைபோக்கி. என் முதல் குளிர்காலத்தில் ஒரு சந்தையில் அதைச் சுடுவதை நின்று பார்த்தேன். கடைக்கார அம்மா மாவைக் கயிறு போல இழுத்து மர உருளையில் சுற்றினார், சர்க்கரையில் புரட்டினார், கரி நெருப்பின் மேல் திருப்பிக்கொண்டே இருந்தார். சர்க்கரை உருகி முறுகிச் சிவந்ததும் உருளையை ஒரு தட்டு தட்டிக் கழற்றி நிமிர்த்தி வைத்தார். நடு ஓட்டை வழியே ஆவி குபுகுபுவென்று மேலே வந்தது. பெயர்க் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிறந்த இடம் இன்று ருமேனியாவில் இருக்கும் திரான்சில்வேனியா, அங்குள்ள செக்கேய் ஹங்கேரியர்களின் பண்டம். மிகேஷ் மாரியா என்ற சீமாட்டியின் கையெழுத்துச் சமையல் குறிப்பு 1784-லேயே இருக்கிறது. ஸ்லோவாக்கியாவின் ஸ்கலிட்சா ஊர் தன் த்ரதெல்னிக்குக்கு 2007-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் கதையிலேயே, அதைக் கொண்டுவந்தவர் ஹங்கேரியக் கவிஞர் க்வாதானி யோஜெஃபின் திரான்சில்வேனியச் சமையல்காரர்! என் நண்பர்கள் இதைச் சொல்லும்போது முகத்தில் வரும் வெற்றிச் சிரிப்பைப் பார்க்க வேண்டும். இங்கே 2015-ல் 'ஹங்காரிகும்' என்ற தேசியப் பெருமைப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். ப்ராகை எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் செய்யுங்கள். "அப்படியானால் இது ருமேனியப் பண்டமா?" என்று விளையாட்டுக்குக்கூடக் கேட்காதீர்கள். முதல் உலகப் போருக்குப் பிந்தைய 1920 திரியனோன் ஒப்பந்தத்தில், ஹங்கேரியிடமிருந்த திரான்சில்வேனியா ருமேனியாவுக்குப் போனது. பலருக்குப் பாட்டி வீடு அங்கேதான். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று மௌனமானதை நான் பார்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை நீங்களே ஒன்று வாங்கிப் போங்கள். ஐஸ்கிரீம் அடைத்தது வேண்டாம், வால்நட் தூவியது நல்லது. கத்தி வைக்காமல், மேல் நுனியைப் பிடித்துச் சுருள் சுருளாகப் பிய்த்து எல்லோருக்கும் கொடுங்கள். வால்நட்டா இலவங்கப்பட்டையா என்று அவர்களுக்குள்ளேயே அடுத்த சண்டை தொடங்கிவிடும்.